மல கெதர

தெரேசா அக்காவுக்கு இன்று பதில் சொல்லியாக வேண்டும். அவர் என் மனைவி அனுஷ்காவின் மூத்த சகோதரி. பலாபத்வலையில் வீடு. காலையில் மாத்தளையிலிருந்து மகளைக் கொண்டுபோய் அவரிடம் விட்டுவிட்டு, தம்புள்ளைக்கு வேலைக்குப் போகிறேன். மாலையில் திரும்ப அழைத்துவருகிறேன். அனுஷ்கா இறந்த பிறகு இதுதான் ஒழுங்கு.

"எதுக்கு தம்பி இந்த அலைச்சல்? பிள்ள எங்கிட்டயே வளரட்டும். ஞாயித்துக்கிழமைல வந்து பாருங்க" என்றிருந்தார் அக்கா.

மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. சரி என்று சொல்வதாக இருந்தேன்.

மதுஷிகாவுக்கு ஐந்து வயது. வழக்கம்போல் பின் இருக்கையில், கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி இருந்தாள். நான் முன்னால் போன வெறும் லொறியின் பின்பலகையைப் பார்த்து ஓட்டினேன். இந்த மாதங்களில் நான் பார்த்ததெல்லாம் அதுதான், முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம்.

அலுவிஹாரை தாண்டியதும் அவள் கத்தினாள்.

"அப்பா! திருப்புங்க, திருப்புங்க! மல கெதர!"

வலப்பக்கம் ஒரு சிறு பாதை மேல்நோக்கிப் பிரிந்தது. இரு ஓரமும் வெள்ளைத் துணிக் கொடிகள். காரை ஓரங்கட்டினேன். பின்னால் வந்த பஸ் ஹோர்னை அழுத்தித் திட்டிவிட்டுப் போனது.

"அங்க யாரு வீடு?"

"அம்மா வீடு." இதுகூடத் தெரியாதா என்ற குரல். "அன்னைக்கு எல்லாரும் மல கெதர, மல கெதரன்னு சொன்னாங்கதானே? கொடியும் போட்டிருந்தாங்க. அம்மா எங்கன்னு கேட்டேன். மேல போயிட்டாங்கன்னு பெரியம்மா சொன்னாங்க."

சிங்களத்தில் மல கெதர என்றால் இழவு வீடு. அன்று எங்கள் வீடுதான் அது; வழக்கப்படி வழியெங்கும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். அந்தச் சொல்லைச் சொல்லித்தான் எல்லோரும் வழி கேட்டு வந்தார்கள். கெதர என்றால் வீடு என்று இவளுக்குத் தெரியும். மலையை நாங்கள் பேச்சில் மல என்றுதான் சொல்கிறோம். இரண்டையும் சேர்த்து, இவள் அம்மாவுக்கு மலைமேல் ஒரு வீடு கட்டிவிட்டாள். தினமும் கண்ணாடி வழியே தேடியது அந்த வீட்டைத்தான்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஜன்னலருகே குனிந்தார்.

"மல கெதரட்டத, மாத்தயா?" இழவு வீட்டுக்கா என்று கேட்டார்.

"ஓவ்!" ஆமென்று மதுஷிகா முந்திக்கொண்டாள்.

அவர் மேலே கைகாட்டினார். நானும் பார்த்தேன். பாதி மலை பனிமூட்டத்தில், மீதி வெயிலில். எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு தகரக் கூரை மின்னியது. கொஞ்ச நேரம் நானும் அவள் சொன்னதை நம்பினேன். காரைத் திருப்பினால் போதும், அனுஷ்கா வாசலுக்கு வருவாள்.

இறங்கி, பின் இருக்கையில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மதுஷி, மல கெதரன்னா மல மேல இருக்க வீடு இல்ல. செத்தவங்க வீடு. அன்னைக்கு அது நம்ம வீடு. அம்மா செத்துட்டாங்க. இனி வரமாட்டாங்க."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை.

அவள் கொடிகளையே பார்த்தாள்.

"அப்ப இங்க செத்தது யாரோட அம்மா?"

"தெரியல."

"அவங்க பாப்பாக்கு யாராச்சும் சொல்லிட்டாங்களா?"

என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். செத்தவருக்கு உறவு என்று நினைத்தாரோ என்னவோ, வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினார். இருவரும் குடித்தோம்.

பலாபத்வலையில் அக்கா வாசலிலேயே நின்றார்.

"ஏன் தம்பி லேட்டு? என்ன முடிவு பண்ணுனீங்க?"

"சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போறேன்க்கா. எப்பவும் போல."

"பிள்ளைக்குத் தலை சீவத் தெரியுமா ஒங்களுக்கு? வகிட்டப் பாருங்க, லக்கல ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவுது."

"பழகிக்கிறேன்."

"பெரியம்மா, அம்மா செத்துட்டாங்க" என்றாள் மதுஷிகா. "அப்பா சொன்னாரு."

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஆமாடி கண்ணு" என்றார். மெதுவாக அவள் பின்னலை அவிழ்த்தார்.

நான் காரில் ஏறும்போது கூப்பிட்டார்.

"தம்பி, சாயந்தரம் கொஞ்சம் வெள்ளன வாங்க. சீவக் காட்டித் தாறேன்."