கை சுத்தமானவர்களுக்கு மட்டும்

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக எதுவும் வந்ததே கிடையாது. பெஞ்சுகள் மூடிப்போன ஒரு வங்கியிலிருந்து வந்தவை. மணி ஒரு பழைய தீயணைப்பு வண்டியிலிருந்து கழற்றியது. அதனால் ஓடு வியாபாரி ஒருவர் தன் அம்மா நினைவாகக் கை கழுவும் அறை ஒன்று கட்டிக் கொடுத்தபோது தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

அதுவரை கழிப்பறைக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டிதான். சங்கிலியில் கட்டிய குவளை ஒன்று அதில் எப்போதும் முங்கிக் கிடக்கும். தண்ணீர் பச்சையாக இருக்கும். கழிப்பறைக்குக் கதவு இல்லை. போனவர்கள் அவசரமாக ஓடிவந்து கையைச் சுவரிலோ பாவாடையிலோ துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைவார்கள். வயிற்றுப்போக்கால் பாதி வகுப்பு காலியாகக் கிடப்பது யாருக்கும் அதிசயமாகத் தெரியாது. கணக்கு டீச்சர் மட்டும் வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தாள். அவள் தலைமையாசிரியரின் கூடப்பிறந்த தங்கை.

புது அறை வெள்ளை வெளேர் என்று இருந்தது. தரையிலிருந்து கூரைவரை பீங்கான் ஓடு, வரிசையாக ஸ்டீல் குழாய்கள், பிள்ளைகள் முகம் தெரிகிற உயரத்தில் கண்ணாடி, அழுத்தினால் எலுமிச்சை வாசத்தோடு வழிகிற சோப்பு. தலைமையாசிரியர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

திறப்பு விழா முடிந்து விளையாட்டு மணியும் முடிந்தது. பிள்ளைகள் மைதானத்திலிருந்து நேராக உள்ளே பாய்ந்தார்கள். அவர்கள் வெளியே வந்தபோது அந்த அறை எருமைகள் இறங்கிய குட்டை மாதிரி இருந்தது. தலைமையாசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே மண்டியிட்டுத் துடைத்தார். அன்று வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி போனதிலிருந்து அவர் தங்கை வீட்டு மாடியில்தான் குடியிருந்தார், சாப்பாடு கீழே. அழுக்காகறதுக்குத்தானே அண்ணா கட்டினாங்க என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். அவர் சாதத்தை அளைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் அறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘கை சுத்தமாக இருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி.’

பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு டிராயிங் மாஸ்டரை உட்கார வைத்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து கையை நீட்ட வேண்டும், அவர் புரட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று விளங்கிவிட்டது. அழுக்குக் கைக்காரர்கள் நேரே பழைய தொட்டிக்குப் போய், பச்சைத் தண்ணீரில் கையை அலசிவிட்டு வந்து காட்டினார்கள். உள்ளே போய் மறுபடி கழுவினார்கள். பாதிப் பேர் அவ்வளவு தூரம் எதற்கு என்று தொட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். டிராயிங் மாஸ்டர் பாவம், அவர் விரல்களில் எப்போதும் சாயம் ஒட்டியிருக்கும். அதனால் அவராலேயே உள்ளே போக முடியவில்லை. வெளியே வருகிற பிள்ளைகளிடம் உள்ளே எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வார்.

கணக்கு டீச்சர் ஆசிரியர்கள் கூட்டத்தில் எழுந்து நின்றாள். “சார், அழுக்குக் கைய எங்க கழுவுறது?”

“வெளிய.”

“அப்ப உள்ள எதுக்கு?”

“சுத்தமான கைய நல்லாச் சுத்தமாக்கறதுக்கு.”

நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய கஷ்டம் வேறு. வீட்டில் பேச்செடுத்தால், பள்ளிக்கூட விஷயத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள் என்பார். பள்ளிக்கூடத்தில் குரலை உயர்த்தினால், தங்கச்சி என்கிற உரிமையை இங்கே காட்டாதே என்பார். இரண்டுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது பஸ் பயணம் மட்டும்தான். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் அவள் கணவர். அவரும் தன் பங்குக்குக் கண்ணாடியில் பார்த்து, “மச்சான், இவ சொல்றதையும் கொஞ்சம் கேளுங்களேன்” என்பார். மச்சான் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிற மாதிரிக் கிடப்பார்.

இதற்கிடையில் சுகாதாரப் பரிசுக்காகப் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கிற அதிகாரி வந்து சேர்ந்தார். வழியில் மோட்டார் சைக்கிள் செயின் கழன்று, தானே மாட்டிக்கொண்டு வந்ததில் இரண்டு கையும் கிரீஸ். அறையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று பார்த்தார். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பார்த்து முடித்ததும், கொஞ்சம் கை கழுவிக்கொள்கிறேன் என்றார்.

தலைமையாசிரியர் கும்பிட்டார். “ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. கை சுத்தமா இருந்தாத்தான் உள்ள விடறது.”

டிராயிங் மாஸ்டர் எழுந்து அதிகாரியின் கையைப் புரட்டிப் பார்த்து, வருத்தத்தோடு தலையாட்டினார்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று, இப்படி ஒரு கட்டுப்பாட்டை எங்கேயும் பார்க்கவில்லை என்றார். கையைப் பழைய செய்தித்தாளில் துடைத்துக்கொண்டு, தட்டில் வைத்த பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் சாப்பிட்டுவிட்டு முழு மார்க் போட்டுப் போனார். அந்த வாரமே அவர் வயிறு கெட்டுப் படுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. படுக்கையிலிருந்தே போன் பண்ணி, பரிசு உங்களுக்குத்தான் என்று ஈனக் குரலில் சொன்னார். மனுஷனுக்கு அலைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை என்று தலைமையாசிரியர் பரிதாபப்பட்டார்.

பரிசு வாங்கப் புதுச்சட்டை தைக்கக் கொடுத்திருந்த சமயத்தில்தான் சிட்டு படுத்தாள். கணக்கு டீச்சரின் ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. வீட்டில் தலைமையாசிரியரை மாமா என்பாள், பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் சார் என்பாள். ஒருநாள்கூட மாற்றிச் சொன்னதில்லை. காலையில் ஆரம்பித்த பேதி மதியம்வரை நிற்கவில்லை. உதடு காய்ந்து கண் உள்ளே போய்விட்டது. அப்பா பஸ்ஸோடு ஊர் எல்லையில் இருந்தார். மாமாதான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தங்கை பின்னால் ஓடினாள்.

டிரிப் ஏற்றிவிட்டு டாக்டரம்மா பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தார். சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுவியா, எங்கே கழுவுவே என்று கேட்டார்.

“புதுக் குழாய்ல,” என்றாள் சிட்டு. “அதுக்கு முன்னாடி பச்சைத் தண்ணில கழுவணும். அப்பத்தான் புதுக் குழாய்கிட்ட விடுவாங்க.”

டாக்டரம்மா தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். சிட்டு மறுபடி சொன்னாள். தலைமையாசிரியர் முன்னால் வந்து விளக்க ஆரம்பித்தார். ஓடு வெள்ளை ஓடு, சேறு பட்டால் கறை நிற்கும், அதனால்தான் முதலில்... சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. கடைசியில் உதடு மட்டும்தான் அசைந்தது.

“யாரு உங்க ஹெட்மாஸ்டர்?” என்று டாக்டரம்மா கோபமாகக் கேட்டார்.

சிட்டு மாமாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். “அவர் ஸ்கூல்ல இருக்கார்,” என்றாள். “இது எங்க மாமா. இவர் ரொம்ப நல்லவர்.”

கணக்கு டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சிட்டுவின் காலைப் பிடித்தபடி டிரிப் முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார். திரும்புகிற பஸ்ஸில் அவர் தூங்குகிற பாவனை செய்யவில்லை. தங்கை எதுவும் பேசவுமில்லை.

மறுநாள் காலை பலகையைத் தானே கழற்றினார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. யாரை முதலில் உள்ளே விடுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டு, “மாஸ்டர், நீங்க போங்க” என்றார். டிராயிங் மாஸ்டர் கோயிலுக்குள் போகிறவர் மாதிரி வேட்டியைச் சரிசெய்துகொண்டு நுழைந்தார். தலைமையாசிரியர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வெளியே நின்றார்.

“என்ன ஆகுது?”

“நீலமா ஓடுது சார். இப்ப சிவப்பு.” சோப்பு அழுத்துகிற சத்தம் கேட்டது. “சார், எனக்கு ரேகையெல்லாம் இருக்கு சார்.”

விளையாட்டு மணி முடிந்து பிள்ளைகள் வந்தார்கள். இந்தமுறை அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். குழாய்க்குக் கீழே பழுப்பும் கறுப்புமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கிற வழியாகத் தெரியவில்லை.

“இவ்வளவு அழுக்கும் இத்தனை நாளா எங்க இருந்துச்சும்மா?” என்று பக்கத்தில் நின்ற தங்கையிடம் கேட்டார்.

“வயித்துல சார்,” என்றாள் கணக்கு டீச்சர்.

அந்த வாரமே தொட்டியை இடித்தார்கள். தலைமையாசிரியர் ஓடு வியாபாரியின் கடை வாசலில் பழியாகக் கிடந்து, கழிப்பறைக்குக் கதவும் தண்ணீர்க் குழாயும் வாங்கிவந்தார். தினமும் சாயங்காலம் அவரும் டிராயிங் மாஸ்டரும் ஆளுக்கொரு துடைப்பத்தோடு வெள்ளை அறையைத் தேய்த்தார்கள். சில கறைகள் போகவேயில்லை.

உடம்பு தேறிய அதிகாரி, பரிசுக்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தார். மூலையில் சேறு, கண்ணாடியில் சோப்புக் கோலம், ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப ஏமாற்றமாகிவிட்டது அவருக்கு. மார்க்கைக் குறைத்துக்கொண்டே வந்தார். தலைமையாசிரியர் வாதாடவில்லை. அதிகாரியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், சின்னப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம்தான் பிஸ்கட் தட்டை நீட்டினார். பரிசு வேறொரு பள்ளிக்குப் போனது. தைத்த சட்டையை அவர் சிட்டு பள்ளிக்குத் திரும்பிய அன்று போட்டுக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு வகுப்புகள் நிரம்பின. கணக்கு டீச்சருக்குப் புதுத் தலைவலி ஆரம்பித்தது. வாய்ப்பாடு புத்தகத்தைத் திறந்தாலே வகுப்பு மொத்தமும் கை கழுவணும் டீச்சர் என்று எழுந்து நிற்கும். வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது? தலைமையாசிரியரிடம் போய் முறையிட்டாள். பிள்ளைங்க ஆசையாப் போறாங்க, தடுக்காதே என்று அவர் அவளுக்கே புத்தி சொன்னார்.

அவள் யோசித்தாள். பிரம்பை வைத்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னாலேயே வெள்ளை அறைக்குப் போய், குழாய்களுக்கு நடுவில் நின்றாள். ஏழாம் வாய்ப்பாடு முழுசாகச் சொல்லி முடிக்கிறவரை யாரும் சோப்பை அலசக் கூடாது என்றாள். நுரை முழங்கைவரை ஏறியது. ஏழெட்டு எவ்வளவு என்கிற இடத்தில் வகுப்பு மொத்தமும் திணறி நின்றது.