அறுபது வயதுப் பேரன்

வாங்க கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்க. அந்தப் பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடுங்க, பின்னால் இருக்கிறவர்களுக்கும் காது இருக்கிறதே. ஒரே ஒரு சொல்லால் வழிதவறி, அந்தத் தவறாலேயே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். கேட்டு முடிக்கும்போது மனசு நிறைந்திருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாயாவில் கிள்ளான் என்ற ஊரில், அரசாங்க ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தார் வைரவநாதன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவி மங்கையற்கரசிக்கு நாற்பது வயதிருக்கும். மூத்த பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கூட இருந்தவள் இளையவள் கலாவதி.

மங்கையற்கரசியின் தாயார் ஊரில் படுத்த படுக்கையாகிவிட்டார். அந்தத் தாயாரின் தகப்பனார் வீரசிங்கம், மலாயாவில் ரப்பருக்கு முன்னால் காப்பி பயிரிட்ட கோப்பிக் காலத்தில் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கிராணியாக வந்தவர். காய்ச்சலில் போய்விட்டார். போன சேதி மட்டும்தான் ஊருக்குப் போனது, வேறொன்றும் போகவில்லை. அன்று முதல் தாயாருக்கு ஒரே கேள்வி. "கடைசி நேரத்தில அப்புவுக்கு ஒரு வாய் தண்ணி விட ஆராவது இருந்தவையோ? அதை மட்டும் கேட்டுச் சொல்லு பிள்ளை" என்று மலாயாவுக்குக் கப்பல் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மகளுக்குச் சொல்லியனுப்புவார். பதில் போய்ச் சேருமுன்னே அம்மா கண்ணை மூடிவிடுவாரோ என்று மங்கையற்கரசிக்கு உள்ளுக்குள் உதறல்.

அந்தத் தோட்டத்தைத் தேடிப் போக வைரவநாதன் தன் கூட்டாளி மகாதேவாவின் பழைய காரை இரவல் வாங்கினார். போகிறதுதான் போகிறோம், நாலு இடமும் பார்த்துவிட்டு வரலாமே என்பது அவர் எண்ணம். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு விடிந்ததும் புறப்பட்டார்கள். வழியில் ஜெரம் என்ற ஊரில் இஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. ஒரு மலாய்க்காரர் வாளி வாளியாக ஊற்றி அதன் தாகத்தைத் தீர்த்து அனுப்பினார்.

முதலில் கோலசிலாங்கூர்க் குன்றின்மேல் ஏறினார்கள். கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், கீழே ஆறு கடலில் கலக்கிற இடம் என்று எல்லாவற்றையும் வைரவநாதன் கை நீட்டிக் காட்டினார். மரமெல்லாம் குரங்குகள். தாய்கள் சாம்பல் நிறம், மடியில் தொங்குகிற குட்டிகளோ பொன் நிறம். குட்டியை வேறு வீட்டில் களவெடுத்ததோ என்று கலாவதி கேட்டதற்கு மங்கையற்கரசியும் சிரித்தாள். ஆனால் அவள் கண் தூரத்துத் தோட்டங்களின்மேல்தான் இருந்தது.

"குரங்கு பார்த்தது காணும். வாங்கோ, போவம்" என்று அவசரப்படுத்தினாள்.

கோப்பிச் செடி ஒன்றுகூட மிச்சமில்லாமல் ரப்பராகிவிட்ட பிறகும், லயம் என்ற கூலிக் குடியிருப்பின் ஜனங்கள் அந்த இடத்தைக் கோப்பித் தோட்டம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் கண்டுபிடிப்பது சுலபமாயிற்று. தோட்டத்துக் கங்காணியான மண்டோர் ரெங்கசாமி எதிரே வந்தார். வீரசிங்கம் என்று பெயரைச் சொல்லி வைரவநாதன் விசாரித்தார். சுற்றி நின்ற யாருக்கும் தெரியவில்லை. மங்கையற்கரசி முன்னால் வந்தாள்.

"எங்கட பேரனார் இஞ்சதான் செத்தவர். அவரை எங்க வைச்சவை எண்டு தெரியுமோ?"

யாழ்ப்பாணத்தில் பேரனார் என்றால் தாத்தா. லயத்து ஜனங்களுக்கோ பேரன் என்றால் பிள்ளை பெற்ற பிள்ளை. கேட்டவளுக்கும் அது தோன்றவில்லை, கேட்டுக்கொண்டவர்களுக்கும் தோன்றவில்லை. ரெங்கசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். பேரப்பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன பேசுவது? முன்னே நடந்து வழிகாட்டினார். பின்னால் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பேரனுக்குப் போய் அவர் இவர் என்று மரியாதை கொடுக்கிறாளே, பெரிய வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று ஒருத்தி மற்றவளிடம் கிசுகிசுத்தாள்.

குழந்தைகளைப் புதைக்கிற மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார் ரெங்கசாமி. முழ நீளத்துக்கு மண் திட்டுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கல். மங்கையற்கரசி திகைத்துப்போனாள்.

"இவ்வளவு சின்ன இடத்திலயோ? அவர் நல்ல உயரமான ஆள் அல்லோ."

கூட வந்தவர்களில் காளியம்மா என்ற மூதாட்டி முன்னால் வந்தாள். "ஏந்தாயி, பேரனுக்கு என்ன வயசு?"

"அறுபது இருக்கும்."

"அறுபது வயசுல பேரனா? அப்ப ஒங்களுக்கு நூறு தாண்டியிருக்குமே. ஒடம்ப நல்லாத்தான் வச்சிருக்கீக."

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிள்ளானில் வளர்ந்த கலாவதிக்குத்தான் இரண்டு பேச்சும் தெரியும். சிரிப்பை அடக்க முடியாமல், பேரன் இல்லை, அம்மம்மாவின் அப்பா, கோப்பிக் காலத்துக் கிராணி என்று அவிழ்த்துவிட்டாள். காளியம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"கோட்டுக் கிராணியா? வேகுற வெயில்லயும் கறுப்புக் கோட்டக் கழட்டமாட்டாரே, அவரா?"

ஆமாம், அவரேதான். தோட்டத்தில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது, கோட்டைத்தான் தெரியும். காளியம்மா மேலே சொல்லத் தயங்கினாள். வைரவநாதனின் நெற்றித் திருநீற்றையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். அந்த வருஷம் காய்ச்சல் லயத்தில் பாதியைக் கொண்டுபோயிற்றாம். கிராணியின் சமையல்காரன் பயந்து ஓடிவிட்டான். லயத்து ஆட்கள் கையால் அவர் எதையும் வாங்கிச் சாப்பிட்டதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். அதனால் காளியம்மாவும் அவள் புருஷன் நாராயணசாமியும் கஞ்சியும் தண்ணீருமாக வாசலிலேயே நின்றார்களாம்.

"அவராத்தான் கூப்புட்டாரு தாயி. 'உள்ள வா பிள்ளை, தண்ணி தா'ன்னாரு. தலையத் தூக்கி மடியில வச்சு ஊத்துனேன். குடிச்சிட்டு என் மொகத்தப் பாத்தாரு. அம்புட்டுத்தான். எங்க கையால குடிச்சாருன்னு தெரிஞ்சா ஒங்க சனம் என்ன சொல்லுமோன்னு, நாங்க வெளிய சொல்லல."

மங்கையற்கரசி அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். காளியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

"அவர் உங்களைப் பிள்ளை எண்டு கூப்பிட்டவரெண்டால், நீங்கள் என்ர அம்மாவுக்கு அக்கா. எனக்குப் பெரியம்மா."

சொல்லிவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் ஆசாரம் பார்க்கிறவர், என்ன சொல்வாரோ என்று பயம். வைரவநாதனோ நேரே லயத்தில் காளியம்மாவின் வீட்டுக்கு நடந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். "பெரியம்மா, ஒரு வாய் கோப்பி தாங்கோவன்" என்று கேட்டார். காளியம்மா ஓடிப்போய் அடுப்பை மூட்டினாள்.

நாராயணசாமிதான் கொள்ளி வைத்தார் என்றும், சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள் என்றும் அங்கே தெரிந்தது. பொழுது சாய, காளியம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார்கள். வாழ்க்கையில் முதல்முறை காரில் ஏறினவள், கதவைப் பிடித்த பிடியை விடவேயில்லை. இருட்டு விழுந்ததும் கரையோர மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைந்தன. மங்கையற்கரசி தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அடுத்த கப்பலில் ஊருக்குப் போனவரிடம் சேதி போயிற்று. தாயார் அதைக் கேட்டுவிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னாராம். பிறகு, "அக்காவைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ" என்றாராம்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தச் சீமைக்குப் போனாலும், அங்கே அவர்களைத் தாங்க ஒரு மடி இருக்கட்டும். உங்கள் வீட்டு வாசலில் தயங்கி நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட உங்களுக்கும் வாய் வரட்டும். உங்கள் அடுப்பும் உங்கள் பிள்ளைகளின் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். நல்லா இருங்க.