சகலைகள் ஓடியதற்குச் சாட்சி

கணக்கு வாத்தியாரும் டிராயிங் மாஸ்டரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் சகலைகள். மூத்த அக்காளைக் கட்டியவர் கணக்கு, அடுத்தவளைக் கட்டியவர் டிராயிங். கடைசித் தங்கை அங்கேயே லைப்ரேரியன். விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கான நூறு மீட்டர் ஓட்டம் நெருங்கினால் கவலையெல்லாம் அவளுக்குத்தான். போன வருஷம் இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்து, 'நான்தான் முதல்' என்று முறுக்கிக்கொண்டதில் இரண்டு வீட்டுக்கும் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த வருஷம் உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் கேமரா ஒன்றோடு வந்து முடிவுக் கோட்டருகே நின்றாள். அதில் பர்ஸ்ட் மோட் உண்டு. பட்டனை அமுக்கிப் பிடித்தால் ஒரே நொடியில் பத்துப் படம்.

“இனிமே சண்டையே வேணாம். படம் சொல்றதுதான் தீர்ப்பு.”

“படம் பொய் சொல்லாதும்மா,” என்றார் கணக்கு.

“எடுக்கிற ஆளும் சொல்லாம இருந்தா சரி,” என்றார் டிராயிங்.

பி.டி. மாஸ்டர் விசில் ஊதினார். பதற்றத்தில் அவள் அப்போதே அமுக்கிவிட்டாள். கடகடவென்று பத்தையும் எடுத்துத் தள்ளிய கேமரா, திரையில் மணல் கடிகாரத்தைக் காட்டி ஊமையாகிவிட்டது. சகலைகள் கோட்டைத் தாண்டியபோதும் அது படங்களைச் சேமித்து முடிக்கவில்லை. பத்துப் படத்திலும் தூரத்தில் எறும்பு அளவில் இரண்டு பேர் குனிந்திருந்தார்கள்.

“அத்தான்... இன்னொரு தடவை ஓடணும்.”

கணக்கு தரையில் உட்கார்ந்தேவிட்டார்.

“அவரால முடியலைன்னா விட்டுடும்மா. நான் ஜெயிச்சதா எழுதிக்கோ,” என்றார் டிராயிங்.

கணக்கு எழுந்துவிட்டார்.

இம்முறை அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கோட்டுக்கு நாலடி இருக்கும்போது அமுக்கினாள். கேமரா தயாரானதும், சகலைகள், பி.டி. மாஸ்டர் என்று எல்லார் தலைகளும் அந்தச் சின்னத் திரைமேல் கவிழ்ந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.

மூன்றாவது படத்தில் கணக்கின் கன்னங்கள் ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருந்தன. ஐந்தாவதில் டிராயிங்கின் இடது ஷூ காலை விட்டுக் கிளம்பியிருந்தது. ஆறாவதில் ஷூ மட்டும் கோட்டைத் தாண்டியிருந்தது.

“என் ஷூதானே? அப்ப நான்தான் முதல்!”

“கோப்பையை ஷூவுக்கே கொடுத்துடுங்க,” என்றார் கணக்கு.

“நெஞ்சு தாண்டணும் சார்,” என்றார் பி.டி. மாஸ்டர்.

ஏழாவதில் கணக்கின் தொப்பை தாண்டியிருந்தது. நெஞ்சு தாண்டவில்லை. டிராயிங்கின் நெஞ்சும்தான். ஆனால் அதே படத்தின் ஓரத்தில், காதில் போனும் கக்கத்தில் ஃபைலுமாக ஓர் அம்மாள் முழுசாகக் கோட்டைத் தாண்டியிருந்தார். தலைமை ஆசிரியை!

“படம் சொல்றதுதான் தீர்ப்புன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்கல்ல? அப்ப கோப்பை மேடத்துக்குத்தான்.” பி.டி. மாஸ்டர் விதிமுறையில் ஒரு நூல்கூட இறங்க மாட்டார்.

சகலைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியைக்குக் கிடைத்த கோப்பையை எதிர்த்து வாய் திறக்க இருவருக்குமே தைரியமில்லை.

“எனக்கா? எதுக்கு?” என்றார் அவர், கோப்பையை வாங்கிக்கொண்டு.

“ஓட்டத்துல முதல் பரிசு மேடம்,” என்றார்கள் ஒரே குரலில்.

“நான் போன் பேசிட்டே நடந்துதானே வந்தேன்?” சகலைகளை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

லைப்ரேரியன் சிரிப்பை அடக்க முடியாமல் புத்தக அலமாரிகளைத் தேடி ஓடினாள். அன்று சாயங்காலம் சகலைகள் ஒரே ஸ்கூட்டரில், தலைமை ஆசிரியையை வழி நெடுகத் திட்டிக்கொண்டே, ரொம்ப ஒற்றுமையாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.