ஜெயசுதன் எழுதும் பந்தி

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் நான்கு மணிக்குக் கொழும்பு முதலீட்டு நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை போகவேண்டும். இரண்டு பந்தி. முதலாவதை லவீனா எழுதுவாள்: அந்தக் கிழமை ஏழு நாளிலும் எத்தனை ரியூசன் நிலையங்களுக்கு ஏறி இறங்கினாள், யார் சம்மதித்தார்கள், யார் தேத்தண்ணி மட்டும் தந்து அனுப்பிவைத்தார்கள். இரண்டாவதை ஜெயசுதன் எழுதுவான்: மென்பொருளில் எது பழுதானது, எப்படித் திருத்தினான். அவனுடைய பந்தியில் எங்காவது ஒரு பகிடி இருக்கும்.

ஜெயசுதன் லண்டனுக்குப் போய்ப் பதினொரு கிழமை ஆகியிருந்தது. அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. இரண்டு பந்தியோடும்தான் போய்க்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்துக் கடைசி வருடத்தில் இருவரும் சேர்ந்து செய்ததுதான் ‘வருகை’. பிள்ளை ரியூசன் வாசலில் தன் அட்டையைக் காட்டினால், அடுத்த நிமிடம் தாயின் போனுக்குச் செய்தி போகும். பள்ளிக்கூடம் விட்டு ஒரு வகுப்பு, அது முடிய இன்னொரு வகுப்பு என்று பிள்ளைகள் பொழுதுபடும்வரை சைக்கிளில் ஓடித்திரிகிற ஊரில், அந்தச் செய்திக்காகக் காத்திருக்கிற தாய்மார் நிறையப் பேர். நீர்வேலியில் தொடங்கி உடுப்பிட்டிவரை முப்பத்தாறு நிலையங்கள் சேர்ந்துவிட்டன. கம்பனியை ஆளுக்குப் பாதியாகப் பதிந்தார்கள். வருமானம் அறை வாடகைக்கும் சேர்வருக்கும் மட்டுமட்டாகக் காணும். அதற்குமேல் வளர வேண்டுமென்றால் வெளியிலிருந்து முதலீடு வரவேண்டும்.

அந்த முதலீட்டைப் போடுவதற்குத்தான் கொழும்பிலிருந்து நதானியேல் வந்தார். இப்படி முளைவிடுகிற மென்பொருள் கம்பனிகளாகப் பார்த்துப் பங்கு வாங்குவது அவருடைய நிறுவனத்தின் தொழில். முதற் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்: “நாங்கள் கம்பனியிலை காசு போடுறேல்லை, ஆக்களிலை போடுறம். ஒராள் எண்டால் போடமாட்டம். அந்த ஒராளுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கடை காசுக்கும் காய்ச்சல்.”

முதலீட்டாளர்கள் ஆற அமரத்தான் முடிவெடுப்பார்கள்; அதுவரைக்கும் வேலை எப்படிப் போகிறதென்று கிழமைக்கொரு அறிக்கை கேட்பார்கள். எட்டு மாதம் போயிற்று. அந்த எட்டு மாதத்துக்குள் ஜெயசுதனுக்குக் கலியாணம் பேசி, லண்டனில் இருக்கும் உதயகலாவோடு பதிவு எழுத்தும் முடிந்து, விசாவும் வந்துவிட்டது.

“இஞ்சை இருந்து செய்யிறதை அங்கை இருந்து செய்யிறன். கொம்பியூட்டர் கோட்டுக்கு விசா வேணுமே?” என்று சிரித்துக்கொண்டுதான் போனான். கொழும்புக்கு இருவரும் அதைச் சொல்லவில்லை.

நான்கு கிழமை சொன்னபடி செய்தான். பிறகு பண்டகசாலை ஒன்றில் வேலை கிடைத்தது. பதில் இரண்டு நாள் பிந்தியது, நான்கு நாள் பிந்தியது, ஒரு வெள்ளிக்கிழமை வரவே இல்லை. மூன்றே முக்காலுக்கு லவீனா அவனுடைய பந்தியைத் தானே எழுதி அனுப்பினாள். அந்த ஒரு கிழமைக்குத்தான் என்று நினைத்தாள்.

அவனுடைய பந்தியை எழுதுவதற்கு முதலில் அவனுடைய வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. காலையில் ஸ்கூட்டியில் நிலையங்களுக்குப் போனாள், மத்தியானத்துக்குப் பிறகு அவனுடைய கோட்டுக்குள் தலையை விட்டாள். வெள்ளிக்கிழமை வந்தால், இதற்கு அவன் என்ன பகிடி விட்டிருப்பான் என்று யோசிப்பாள். அந்த அரைமணி நேரம் மட்டும் அறையில் இன்னொரு ஆள் இருப்பது போலிருக்கும். இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கொழும்பில் ஒரு பெரிய கம்பனி அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். முதலீடு சரிவராவிட்டால் ‘வருகை’யை மூடிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

புதன்கிழமை மத்தியானம், கந்தர்மடத்தில் இரும்புக்கடைக்கு மேலிருந்த அந்த அறைக்கு நதானியேல் ஒப்பந்தத்தோடு ஏறி வந்தார். அறிக்கைகளை வாசிக்கிற ஷரோனும் கூட வந்திருந்தாள்.

“மற்றப் பெடியன் எங்கை?”

“வவுனியாவுக்குப் போட்டார் அண்ணை. அங்கை ஒரு நிலையத்துக்கு மெசின் பூட்ட.” காலையிலிருந்து சொல்லிப் பார்த்த வசனம். தடக்காமல் வந்தது.

“ஐயோ! அவரைப் பாக்கத்தானே நான் இந்த வெயிலுக்கை வந்தனான்,” என்றாள் ஷரோன். “வெள்ளிக்கிழமையிலை நான் முதல் வாசிக்கிறது அவற்றை பந்திதான். கோவியாதேங்கோ லவீனா, உங்கடை பந்தி பாங்கிலையிருந்து வாற கடிதம் மாதிரி. போன கிழமை, சேர்வருக்குச் சளி, பிளாஸ்ரிக் வாளியிலை ஆவி பிடிக்க விட்டிருக்கிறன் எண்டு எழுதியிருந்தார். ஒபிஸிலை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான்.”

நதானியேலும் சிரித்தார். லவீனாவும் சேர்ந்து சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

“அது நான் எழுதினது.”

“எது?”

“சளி. அதுக்கு முதல் எழுதினதுகளும். ஏழு கிழமையா நான்தான் எழுதுறன். சுதன் லண்டனிலை.”

கீழே யாரோ தகரம் இறக்கினார்கள். 

“அப்ப வவுனியா?” என்றார் நதானியேல்.

“பொய் அண்ணை.”

“வேலை?”

“அதுவும் நான்தான்.”

“தனிய.”

“ஓம். தனிய.”

அவர் ஒப்பந்தத்தைப் பைலுக்குள் திருப்பி வைத்தார். “உம்மடை வேலையிலை பிழை இல்லை. மென்பொருளை ஆக்களை வைச்சுப் பாத்தனாங்கள், நல்லாத்தான் இருக்கு. ஆனால் காசு போட்டாப் பிறகு, உம்மடை கடிதத்தை நம்பித்தான் நான் கொழும்பிலை இருக்கவேணும். கையெழுத்துக்கு முதல் சொன்னபடியால் இன்னும் இதிலை இருக்கிறன். பிறகு தெரிஞ்சிருந்தால் வழக்கு.”

போனை எடுத்துக்கொண்டு வெளிப் படிக்கட்டுக்குப் போனார். கொழும்போடு கால்மணி நேரம் கதைத்தார்.

ஷரோன் மெல்லக் குனிந்து கேட்டாள்: “உப்பிடி எழுதத் தெரிஞ்சவ ஏனப்பா மற்றதைப் பாங்க் கடிதம் மாதிரி எழுதினனீங்கள்?”

லவீனா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்க எழும்பினாள்.

நதானியேல் திரும்பி வந்தார். “ஒராளிலை போடுறேல்லை எண்ட சட்டத்தை இந்த ஒருக்கால் தளர்த்தலாமாம், நான் பொறுப்பெடுத்தால். எடுக்கிறன். ஆனால் வேலை செய்யாத ஆளிட்டைப் பாதிக் கம்பனி கிடக்கேக்கை ஒரு சதமும் போடேலாது. அவர் தன்ரை பங்கைத் திருப்பி எழுதித் தரவேணும். நாளைக்குக் கமிட்டி கூடுது. இண்டைக்கே வேணும்.”

“தருவானோ தெரியாது அண்ணை.”

“அது உங்கள் ரெண்டு பேருக்குள்ளை.”

லவீனா ஒரு தாளை எடுத்து, அவன் என்னென்ன சொல்லுவான் என்று வரிசையாக எழுதினாள். முதல் கோட் என்னுடையது என்பான். இரண்டு வருடத்தில் திரும்பி வருவேன் என்பான். என்னைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தாய் என்று கத்துவான். ஒவ்வொன்றுக்கும் எதிரே தன் பதிலை எழுதினாள். அவன் சண்டை பிடிப்பானே என்று பயமாக இருந்தது. பிடித்தால் நல்லது என்றும் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. தாளோடு படிக்கட்டில் இறங்கி நின்று போனை எடுத்தாள். லண்டனில் காலை ஏழரை.

“சொல்லு லவி. பஸ்ஸுக்கு நிக்கிறன்.”

ஒன்றும் விடாமல் ஒழுங்காகச் சொல்லி முடித்தாள்.

“இவ்வளவுதானே? அனுப்பு. போனிலையே கையெழுத்து வைச்சு விடுறன்.”

“டேய், பாதிக் கம்பனியடா. விளங்குதோ?”

“விளங்குது. உந்தப் பங்கை வைச்சு நான் இனி என்ன செய்ய? நானும் சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான், எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை. உன்ரை மெசேஜ் வந்தாலே நெஞ்சுக்கை ஒரு மாதிரி இருக்கும். இப்பத்தான் பாரம் குறைஞ்சுது.”

“கால்வாசியாவது வைச்சிரு. நான் அவையோடை கதைக்கிறன்.” தாளில் இல்லாதது அது.

“வேண்டாம் லவி. பஸ் வந்திட்டுது, வைக்கிறன் என்ன? சாப்பிட்டியோ?”

அவள் இன்னும் இல்லை என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

ஷரோன் தன் லப்டொப்பிலேயே கடிதத்தைத் தயாரித்து அனுப்பினாள். நான்கு நிமிடத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

“பிரச்சினைப்படுத்தேல்லையோ?” என்று கேட்டார் நதானியேல்.

“இல்லை அண்ணை. ஒண்டும் கேக்கேல்லை.”

அடுத்த நாள் மூன்று மணிக்குக் கமிட்டியின் முடிவு மின்னஞ்சலில் வந்தது. சம்மதம். லவீனா மூன்று தரம் வாசித்தாள். கொழும்பு வேலைக்கு, வரவில்லை என்று இரண்டு வரியில் பதில் போட்டாள். ஜெயசுதனுக்கு இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் செய்தி போட்டாள், அதை அவன் திறக்கவில்லை. பிறகு குருநகருக்கு, தாய் மார்கிரட்டுக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா, சரி வந்திட்டுது. காசு போடுகினமாம்.”

“மாதாவே! இஞ்சேருங்கோ, பிள்ளைக்குச் சரி வந்திட்டுதாம்!” என்று தாய் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது. “சுதனுக்குச் சொன்னியே மோனை?”

“ஓம் அம்மா.”

“என்னவாம்?”

லவீனா கொஞ்சம் யோசித்தாள்.

“அவன் பகிடிதானே. லண்டனிலை ஒரே மழையாம், முதலாளியம்மா ஒரு குடை வாங்கி அனுப்பட்டாம் எண்டவன்.”

தாய் நெடுநேரம் சிரித்தாள். அப்பாவுக்கும் ஒருமுறை சொல்லிச் சிரித்தாள்.