மூன்றாம் அறையும் ஒரு கட்டைவிரலும்

1

இந்தக் கதை என் கத்தரிக்கோலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கஞ்சா மொட்டில் இலை கழிக்கிறவர்களுக்குத் தெரியும், பிசின் விரலிடுக்கில் ஏறிவிட்டால் சோப்புக்கு அசையாது, சமையல் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும். எழுதித் தேய்த்தால் இது போகுமா என்று பார்க்கிறேன். கை வலிக்கிற இடத்தில் வாக்கியம் முறியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: "மிச்சிகனில், ஒரு காலத்தில் கார்க் கதவு செய்த ஆலையில், இப்போது விளக்கு வெளிச்சத்தில்..." வேண்டாம். செய்தித்தாள் வாடை.

இரண்டாவது: "திரு. வெண்டெல் கிம்ப்ரோ அவர்கள்..." அதுவும் வேண்டாம். முதலாளிதான், ஆனால் ஆள் குறைந்தால் தண்ணீர் வாளியைத் தானே தூக்குகிறவன். 'அவன்' என்றே இருக்கட்டும்.

2

வெண்டெல் அமெரிக்கக் கால்பந்து ஆடியவன். ஆடியவன் என்றால் பந்தைத் தொட்டவன் இல்லை. பந்தை எறிகிறவனை யாரும் நெருங்காதபடி முன்னால் நின்று இடி வாங்குவதுதான் அவன் வேலை. கூட்டாளிகள் வைத்த பெயர் 'கதவு'. (கதவு செய்த ஆலையில் கதவு. நான் இட்டுக்கட்டியிருந்தால் வெட்டியிருப்பேன்.) முழங்கால் போனது, இடுப்பு போனது, ஆட்டமும் போனது. வலிக்காகப் புகைத்துப் போலீசில் மாட்டிக்கொண்ட அதே செடியைச் சட்டம் அனுமதித்ததும், லைசென்ஸ் எடுத்து வளர்க்க ஆரம்பித்தான்.

[பழைய ஆட்டக்காரன், கஞ்சா வியாபாரம் என்றதும் நீங்கள் பளபளப்பான காரைத் தேடுவீர்கள். அவன் வண்டியின் வலப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது.]

களத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்று ஆடியவன் ரோஸ்கோ டில்மன். இப்போது தன் ரத்தப் புற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்கிறான். இந்தப் புகை இல்லாவிட்டால் அவன் வயிற்றில் சோறு தங்காது. ஒவ்வொரு அறுவடையிலும் முதல் ஜாடி அவனுக்குத்தான்.

\* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. படிக்காமல் தாண்டினால் கதை நொண்டும். தலையில் அடிபட்டு எழுந்தவனிடம் அணி வைத்தியர் வந்து கேள்வி கேட்பார். ஆட்டத்தில் இது எத்தனையாவது கால்பகுதி? தலை சுற்றுகிறதா? விடை தப்பினால் வெளியே உட்கார வேண்டும். அப்போது வைத்தியரின் முதுகுக்குப் பின்னால் கூட்டாளி வந்து நிற்பான். மூன்றாவது என்றால் மூன்று விரல். சுற்றுகிறதா என்றால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான், நன்றாயிருக்கிறேன் என்று சொல்லு என. வெண்டெலுக்கு அப்படி விடை காட்டியவன் ரோஸ்கோ. ரோஸ்கோவுக்குக் காட்டியவன் வெண்டெல். அவர்கள் ஊரில் நட்புக்கு அதுதான் பெயர்.

3

அன்று காலை ஷெரில் ஒரு மொட்டை இரண்டாகப் பிளந்தாள். எங்கள் மேசைக்கு அவள்தான் மேஸ்திரி. (முதல் வரைவில் அவளை ஆணாக்கியிருந்தேன். பேச ஆரம்பித்ததும் சரிப்படவில்லை.) மூன்றாம் அறையில் காய்ந்த மொட்டு. வெளியே பனி பூத்தாற்போல் அழகு. உள்ளே தண்டோடு ஒட்டிச் சாம்பல் நிறப் பூஞ்சை, நைந்த பஞ்சு போல.

வெண்டெல் வந்து பார்த்தான். கெட்டதை மட்டும் பொறுக்கிப் போடச் சொன்னான்.

"வெளிய தெரிஞ்சா பொறுக்கலாம் பாஸ். இது உள்ள இருக்கு. எதுல இருக்குன்னு எல்லாத்தையும் பிளந்து பாக்கவா?"

வெண்டெல் அந்தப் பாதி மொட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்றாம் அறை போனால் ஆலை போகும், ஷெரில் போவாள், நானும் போவேன். போகாவிட்டால், ரோஸ்கோ மாதிரி நோஞ்சான் நெஞ்சுக்குள் அந்தப் பூஞ்சை

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

4

சோதனைக்கு மாதிரி எடுக்கப் பரிசோதனைக் கூடத்துப் பெண் வந்தாள். அவள் கிள்ளிப்போகிற மொட்டு நல்லதாகவும் அமையலாம், கெட்டதாகவும் அமையலாம். அதே நேரம் தன் ஜாடிக்காக ரோஸ்கோவும் வந்து சேர்ந்தான். தொப்பிக்கடியில் முடியில்லை. வாய் மட்டும் பழைய வாய்.

"என்ன கதவே, இன்னும் சாத்தாமத்தான் இருக்கியா?"

"உன்ன மாதிரி ஆளுங்க வந்து முட்டுறவரைக்கும் சாத்த முடியுமாடா?"

அந்தப் பெண் கையுறை மாட்டினாள். இடுக்கியை எடுத்தாள். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்:

"மூணாவது ரூம்ல உங்களுக்குத் தெரிஞ்சு ஏதாச்சும் பிரச்சினை இருக்கா?"

வெண்டெல் விழித்தான். அந்த முழியை ரோஸ்கோ எத்தனையோ களத்தில் பார்த்திருக்கிறான். மூன்றாம் அறையில் என்ன, கேள்வி எதற்கு, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. கூட்டாளி விடை தெரியாமல் நிற்கிறான், அது போதும். மெதுவாக நகர்ந்து அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். வைத்தியத்தில் மெலிந்துபோன கை. கட்டைவிரலை உயர்த்தினான்.

5

இங்கேதான் நான் பல நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு முடிவு: வெண்டெல் "இருக்கு" என்கிறான். மூன்றாம் அறையை அரைத்துக் குப்பையில் கொட்டுகிறோம். ஆலையைப் பூட்டுகிறார்கள். (நல்ல முடிவு. எழுதும்போது எனக்கே சம்பளம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.)

இன்னொன்று: "நல்லாருக்கு" என்கிறான். ரோஸ்கோவுக்குப் பழைய அறுவடையிலிருந்து ஒரு ஜாடி. அவன் பிழைத்துக்கொள்வான். மற்றதெல்லாம் கடைகளுக்குப் போகும். அங்கே வாங்க நிற்கிறவன் எவனுக்கோ ரோஸ்கோதானே என்று

மூன்றாவதாக, அந்தப் பெண்ணே பூஞ்சையைக் கண்டுபிடிக்கிறாள். அது சோம்பேறி முடிவு. உடம்பு அசந்த நாளில் எழுதினேன், அடித்துவிட்டேன்.

ஆகவே அவர்களை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். இடுக்கி திறந்திருக்கிறது. ரோஸ்கோவின் விரல் உயர்ந்தபடியே நிற்கிறது. வெண்டெல் அந்த விரலைப் பார்த்தான். பிறகு அதைத் தாண்டி எங்கள் மேசையைப் பார்த்தான். ஷெரில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். என் கை மேசைக்கு மேலே வரவில்லை.

நாங்கள் எல்லோரும் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தோம். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டே வந்ததில் நீங்களும் அங்கேதான் வந்து நிற்கிறீர்கள்.

வெண்டெல் இப்போது உங்களைப் பார்க்கிறான். கையைக் காட்டுங்கள்.