மண்டிக்காரரின் சுவர்

ஜெப வீட்டின் இடப்பக்கச் சுவருக்கு மறுபுறம் மண்டிக்காரரின் தானியக் கிடங்கு. கூடிவர இடமில்லாமல் சபை திண்டாடிய காலத்தில், கிடங்கில் பாதியை மறித்துச் சுவர் எழுப்பி, பெஞ்சும் மின்விசிறியும் போட்டு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து முன்வரிசையின் வலது ஓரத்து இடம் அவருடையது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஆனாலும் அவர் வராத நாளில்கூட அங்கே யாரும் உட்காருவதில்லை.

அந்தச் சுவர் கொஞ்ச நாளாக வயிறு தள்ளி நிற்பது தனக்கும் தன் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார்.

அந்த வருடம் கொண்டைக்கடலை விளைச்சல் எங்கேயும் சரியில்லை. விலை ஏறப்போகிறது என்று முதலில் மோப்பம் பிடித்தவர் அவர். கிடைத்ததையெல்லாம் வாங்கிக் கூரை முட்ட அடுக்கினார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகியது. வெள்ளிக்கிழமை காலை தம்பி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து வந்தான்.

"அண்ணே, அடி மூட்டையெல்லாம் ஊறிப்போச்சு. கடலை உப்பி சுவரைத் தள்ளுது. அந்தப் பக்கத்து அடுக்கை இன்னைக்கே எடுத்தாகணும்."

"எடுத்து எங்கடா வைக்கிறது? தெருவுலயா?"

"வித்துடலாம்."

"இன்னும் ஒரு வாரம் பொறுத்தா விலை எங்க போய் நிக்கும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். சுவர் அதுவரைக்கும் பொறுக்குமான்னுதான் தெரியல."

மண்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெபிச்சிட்டு முடிவு பண்ணுவோம்."

அந்த வார்த்தைக்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். தம்பியும் பேசவில்லை.

ஜெபிக்காமல் இல்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு முழங்கால் போட்டார். ஆனால் என்ன செய்யட்டும் என்று கேட்கவில்லை. இந்த ஒரு வாரம் மட்டும் சுவரைத் தாங்கிப் பிடியும் ஆண்டவரே என்றுதான் கேட்டார். கேட்டு முடித்ததும் ஏதோ உறுத்தியது. அது என்னவென்று பார்ப்பதற்குள் எழுந்துவிட்டார்.

மறுநாள், மாமனார் வீட்டுக்குப் போயிருந்த தம்பி அங்கிருந்து போன் போட்டான். "நகர்த்தியாச்சா அண்ணே?"

"ஆச்சு, ஆச்சு. ஆள் வச்சு எடுத்துட்டேன்." பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு ஆராதனைக்குத் தம்பி பெண்டாட்டி, மகளோடு வந்தான். வந்தவன் நேரே இடப்பக்கச் சுவரை ஒட்டிய பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அண்ணன்தான் மூட்டையை நகர்த்திவிட்டாரே. மண்டிக்காரர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். இந்தப் பக்கம் வாடா என்று கூப்பிட்டால், ஏன் என்று கேட்பான். அந்தப் பக்கம் அவன் மட்டுமா இருக்கிறான்? மூன்று வரிசை ஜனம் இருக்கிறது.

பாட்டு தொடங்கியது. வெளியே மழை. இரண்டாம் சரணத்தில், யாரோ தூக்கத்தில் பல்லை நறநறப்பதுபோல ஒரு சத்தம் அவர் காதுக்கு எட்டியது. சுவரிலிருந்து காரைப் பொடி உதிர்ந்து தம்பியின் தோளில் விழுந்தது. அவன் அதைத் தட்டிவிட்டான். சுவரை அண்ணாந்து பார்த்தான். பிறகு திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

மண்டிக்காரர் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார்.

தம்பி நம்பினான். திரும்பிப் பாட்டைத் தொடர்ந்தான். பக்கத்தில் அவன் மகள் செருப்பைக் கழற்றிப்போட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சின்னக் கால்களைப் மண்டிக்காரர் பார்த்தார். எழுந்தார்.  பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"பாட்டை நிறுத்துங்க. சுவர் விழப்போகுது. எல்லாரும் அந்தக் கதவு வழியா வெளிய போங்க. இப்பவே போங்க."

பாட்டு பாதியில் அறுந்தது. ஒரு நொடி யாரும் அசையவில்லை. பிறகு பெஞ்சுகள் கிறீச்சிட்டன. போதகர் ஓடிப்போய்க் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து பிடித்தார். தம்பி மகளைத் தூக்கி மனைவி கையில் கொடுத்துத் தள்ளிவிட்டான். பிறகு, ஊன்றுகோலைத் தேடிக்கொண்டிருந்த ஒரு கிழவியம்மாவுக்காக உள்ளே திரும்பினான்.

மண்டிக்காரர் முற்றத்துக்கு வந்த நேரம் சுவர் விழுந்தது. இடிபோலச் சத்தமில்லை. பெரிய பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம், அப்புறம் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொப் தொப்பென்று சரிந்தன. கதவு வழியே வெள்ளைத் தூசி புகைந்தது.

அவர் ஓடினார். முற்றத்தில் கிடந்த லாரித் தார்ப்பாய் அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கிடங்கின் கூரை பிளந்து மழை மூட்டைகள்மேல் கொட்டியது. அதைப் பார்த்துத்தான் அவர் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய மனைவி மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க தம்பி உள்ள இருக்காரு. நீங்க எங்க போறீங்க?"

கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தார். அது நழுவிச் சேற்றில் விழுந்தது.

உள்ளே போய் வெறுங்கையால் செங்கல்லை அள்ளினார். மற்றவர்களும் வந்தார்கள். மூட்டைகளை இழுத்தபோது கிழிந்து, ஊறிய கடலை காலடியில் வழுக்கியது. கவிழ்ந்த இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் தம்பி கிழவியம்மாவைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்தான். அந்த அம்மாவுக்குச் சிராய்ப்போடு போயிற்று. தம்பியின் வலது கை முறிந்து தொங்கியது.

தாழ்வாரத்தில் அவனைக் கிடத்தி ஆம்புலன்சுக்குக் காத்திருந்தபோது ஒருவர் மண்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சரியான நேரத்துல ஆண்டவர் உங்களுக்கு உணர்த்தினார் ஐயா. இல்லேன்னா எங்க கதி என்ன?" சுற்றிலும் ஸ்தோத்திரம் என்று குரல்கள் எழுந்தன.

தம்பி படுத்தபடியே அவரைப் பார்த்தான். சரிந்து கிடந்த அடுக்கை அவனும் கண்ணால் பார்த்துவிட்டான். ஆனால் எதுவும் சொல்லவில்லை.

அவரும் பேசாமல் இருந்தால் போதும். இத்தனை வருடத்துப் பெயர் இன்னும் ஒரு படி உயர்ந்துவிடும்.

"ஆண்டவர் எனக்கு உணர்த்தினது வெள்ளிக்கிழமை" என்றார் மண்டிக்காரர். "என் தம்பி வாயால உணர்த்தினார். எனக்கு விலை ஏறணும்னு இருந்துச்சு. மூட்டையை எடுத்துட்டேன்னு அவன்கிட்ட பொய் சொன்னேன். இன்னைக்கும் பொடி உதிர்றதைப் பார்த்துட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

அவர் கையைப் பிடித்திருந்தவர் மெதுவாக விட்டார். மகளை இடுப்பில் வைத்திருந்த தம்பி மனைவி ஓரடி பின்னால் நகர்ந்தாள். 

போதகர் படியில் உட்கார்ந்துவிட்டார். "நானும் அந்தச் சுவரைப் பார்த்தேன்" என்றார் தரையைப் பார்த்தபடி. "இடம் குடுத்த மனுஷன், அவர்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த தம்பியின் அருகே அவர் போய் நின்றார்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"கை பரவாயில்லண்ணே. நான் திரும்பிப் பார்த்தப்ப நீங்க தலையை ஆட்டினீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

 தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஆனால் போகச் சொல்லவில்லை.

வெளியே வராந்தாவில் அவர் மனைவி காத்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "தார்ப்பாயை எடுத்தது எனக்கே தெரியலடி" என்றார். "எப்ப இப்படி ஆனேன்? ஜெபிக்கலாம்னா வாயே வரமாட்டேங்குது."

"அதையே சொல்லுங்க ஆண்டவர்கிட்ட" என்றாள் அவள்.