எனோக் கைகுலுக்காத ஞாயிறு

பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன ஊரில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டுக் கூடத்தில் நாற்பது பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வழிபாடே மௌனம்தான். பெரியவர்கள் எனோக்கும் சைலஸும் கைகுலுக்கினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

பெண்கள் பக்கத்தில் டோர்கஸ், மகள் லெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முன்விளிம்பு நீண்ட சாம்பல் நிறக் குல்லாவுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். பக்கத்தில் அதே போன்ற குல்லாவும் பாவாடையுமாக அவள் புருஷன் ஷாட்ராக். ஆறடி உயரம், தாடி வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் மேரிலாந்துப் பண்ணையிலிருந்து தப்பி வந்த கறுப்பின அடிமைகள். அவர்களைப் பிடித்துப்போக வந்த கிராலி, வாரண்டுடன் கதவோரம் உட்கார்ந்திருந்தான். கூட்டம் கலைந்து ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனால், குல்லாவுக்குள் இருக்கும் முகம் தெரிந்து மூவரும் மாட்டிக்கொள்வார்கள்.

"அந்த அடிமைக் குடும்பம் எங்கய்யா?" என்று வந்ததுமே கேட்டுப் பார்த்தான். குவேக்கர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். மௌனத்தைக் கலைக்கவும் மாட்டார்கள். நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

பதினோரு மணிக்குப் பழக்கதோஷத்தில் எனோக்கின் கை சைலஸை நோக்கி நீண்டது. சைலஸ் தன் இரு கைகளையும் தொடைக்கடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்தார். எனோக்குக்கு அப்போதுதான் உறைத்தது. நீட்டிய கையால் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

ஒரு மணிக்கு ஷாட்ராக்கின் வயிறு உறுமியது. கிராலி நிமிர்ந்தான்.

"சும்மா இரு," என்று டோர்கஸ் முணுமுணுத்தாள்.

"நானா பேசறேன்? அதுவாப் பேசுது."

உடனே கிழவி டாபிதா எழுந்தாள். உள்ளத்தில் ஏவல் வந்தால் யாரும் எழுந்து பேசலாம். அவளுக்குப் பாலாடைக்கட்டி பற்றி ஏவல் வந்தது. முக்கால் மணி நேரம் பேசினாள். அவள் உட்கார்ந்ததும் நாத்தனார் வெண்ணெயைப் பற்றித் தொடங்கினாள். கிராலியின் தலை நெஞ்சில் சாய்ந்தது.

மூவரும் மெல்ல எழுந்து நடந்தார்கள். கதவருகே ஷாட்ராக் தன் பாவாடையையே மிதித்துத் தடுமாற, கிராலி விழித்துக்கொண்டான். எதிரே குனிந்த குல்லாவுடன் ஒரு பெரிய அம்மாள். தூக்கக் கலக்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கதவைத் திறந்துவிட்டான்.

"பாத்துப் போங்கம்மா. படி வழுக்கும்."

வெளியே டாபிதாவின் மகள் ரேச்சல் வண்டியுடன் காத்திருந்தாள். அந்த வாரண்டு செல்லாத கனடாவை நோக்கி வண்டி பறந்தது.

"ஒரு வெள்ளக்காரன் எனக்குத் தொப்பியக் கழட்டுனது இதுதான் மொதத் தடவ," என்றான் ஷாட்ராக்.

"ஒனக்கில்ல. பாவாடைக்கு."

மூன்று மைல் தாண்டியதும் ரேச்சல் கேட்டாள், "நிறுத்திக் கொஞ்சம் சாப்பிடலாமா, டோர்கஸ்?"

டோர்கஸ் லெட்டியை இறுக்கிக்கொண்டாள். அவளுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். ஏலத்தில் போனவன்.

"கனடாவுல சாப்பிட்டுக்கலாம். ஓட்டு."

"அதுக்கு இன்னும் ஆறு நாள் ஆகுமே."

"அப்ப ஓட்டிக்கிட்டே குடு."